பழைய ராணுவ லாரிக்கு ஹீட்டர்: சூடு எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது?

நம் ஊரில் ஹீட்டர் என்றால் வாளித் தண்ணீருக்குள் தொங்கவிடும் கம்பிச் சுருள்தான் முதலில் நினைவுக்கு வரும். சுவிட்சைப் போட்டால் கம்பி சுடும், கம்பி தண்ணீரைச் சுடவைக்கும், அவ்வளவுதான். அதனால் "லாரி கேபினுக்கு ஹீட்டர் மாட்டினேன்" என்று யாராவது சொன்னால், டாஷ்போர்டுக்குக் கீழே அதே மாதிரி ஒரு சுருளும் அதற்குப் பின்னால் ஒரு விசிறியும் இருப்பதாக மனம் படம் போட்டுக்கொள்கிறது. சூடு போதவில்லையா, இன்னும் பெரிய சுருள் வாங்கு.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் இல்லை. அமெரிக்காவில் ராணுவம் கழித்துக்கட்டிய லாரிகளை வாங்கிப் புதுப்பித்து ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். பனிக்காலம் வந்ததும் ஒரு ஹீட்டர் பெட்டியை வாங்கி, சனி ஞாயிறு முழுக்க லாரிக்கு அடியில் கிடந்து மாட்டி, திங்கட்கிழமை காலையில் கால் விறைத்துப்போய் இறங்குகிறவர்கள் அவர்களிலும் உண்டு. பெட்டியில் ஒரு கோளாறும் இருக்காது. அந்தப் பெட்டிக்குச் சூடு எங்கிருந்து வருகிறது, கேபினுக்குள் வந்த சூடு எந்த வழியாக வெளியே ஓடுகிறது என்று யோசிக்காமல் மாட்டியிருப்பார்கள், அவ்வளவே.

பேச்சு அந்தரத்தில் போகாமலிருக்க, ஒரே ஒரு லாரியை எடுத்துக்கொள்வோம்.

## நம் உதாரண லாரி

அமெரிக்க ராணுவத்தின் எம்35. இரண்டரை டன் சுமை, ஆறு சக்கரத்துக்கும் இழுவை. 1950களின் தொடக்கத்தில் வந்தது. வியட்நாம் போரில் ஓடியது, அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் ஓடியது. இதன் பிந்தைய வடிவமான எம்35ஏ2-தான் இன்று ஆர்வலர்கள் கையில் அதிகம் இருக்கிறது. ஆறு சிலிண்டர், 7.8 லிட்டர் எஞ்சின். டீசலிலும் ஓடும், விமான எரிபொருளிலும் ஓடும், அவசரத்துக்குப் பெட்ரோலையும் குடிக்கும். மின்சாரம் 24 வோல்ட்.

கேபினைப் பாருங்கள். கூரை பெரும்பாலும் கேன்வாஸ் துணி. கதவு ஒற்றைத் தகரம். முன்கண்ணாடி இரண்டு தட்டையான சட்டங்கள், கீழ்ப்பக்கத்தை வெளியே தள்ளித் திறக்கலாம். கிளட்ச், பிரேக் மிதிகளின் தண்டுகள் தரையைத் துளைத்துக்கொண்டு கீழே போகின்றன. கியர் கம்பிக்கும் தரையில் ஓர் ஓட்டை. இந்த ஓட்டைகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

இந்த லாரியை முதலில் வடிவமைத்த ரியோ கம்பெனி இருந்தது மிச்சிகன் மாநிலத்தின் லான்சிங் நகரில். குளிர்காலத்தில் பனி கொட்டுகிற ஊர். ஆனாலும் அடிப்படை லாரியோடு ஹீட்டர் வரவில்லை. மறந்துபோய் விட்டதல்ல. ஒரே லாரி பாலைவனத்துக்கும் போக வேண்டும், காட்டுக்கும் போக வேண்டும், பனிக்கும் போக வேண்டும். எல்லாவற்றிலும் எல்லாவற்றையும் மாட்டினால் எடையும் செலவும் ஏறும், பழுதாகிற பாகங்களும் கூடும். எனவே குளிர்ப்பிரதேசத்துக்குப் போகிற லாரிகளுக்கு மட்டும் ஹீட்டர், ரேடியேட்டர் மூடி, பானெட்டுக்குப் போர்வை என்று தனித்தொகுப்பாகக் கொடுத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ஓடிய ஜிஎம்சி இரண்டரை டன் லாரியிலும் இதே கதைதான். 5 லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளிய அந்த லாரியில், போரின் நடுவிலேயே தகரக் கேபினை விட்டுவிட்டு கேன்வாஸ் கூரைக்கு மாறினார்கள். ஓட்டுநரின் குளிருக்கு மருந்து லாரியில் இல்லை, அவருடைய கோட்டில் இருந்தது.

## கொடி அடுப்பு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

பழைய சமையலறைகளில் கொடி அடுப்பு பார்த்திருப்பீர்கள். ஒரு வாயில்தான் விறகு எரியும், சோறு அதில் வேகும். பக்கத்திலேயே இன்னொரு வாய் இருக்கும். அதற்கெனத் தனி விறகு கிடையாது. முதல் அடுப்பில் எரிகிற தீயின் மிச்ச அனல் உள்வழியாக அங்கே வரும். அந்த மிச்சத்தில் குழம்பு ஆறாமல் இருக்கும், வெந்நீர் காயும்.

வண்டிகளில் இருக்கும் சாதாரண ஹீட்டர் இந்தக் கொடி அடுப்புதான். அது சூட்டை உண்டாக்குவதில்லை. எஞ்சின் தூக்கி எறியும் சூட்டில் கொஞ்சத்தைப் பக்கத்து வாய்க்குத் திருப்பிவிடுகிறது.

எஞ்சின் அவ்வளவு சூட்டையா எறிகிறது? ஆமாம். பழைய எஞ்சின்களுக்கு ஒரு தோராயக் கணக்கு சொல்வார்கள்: எரிபொருளில் இருக்கும் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குதான் சக்கரம் பக்கம் போகும், இன்னொரு பங்கு புகையோடு போகும், மூன்றாவது பங்கு எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீரில் ஏறி, ரேடியேட்டர் வழியாகக் காற்றில் கலந்துவிடும். வேகம், சுமை, எஞ்சினின் வகை எல்லாவற்றையும் பொறுத்துக் கணக்கு மாறும். ஆனால் மலையேறுகிற லாரி, வீடு முழுக்க வெதுவெதுப்பாக்கும் அளவு சூட்டை ரேடியேட்டர் வழியாகக் கொட்டிக்கொண்டு போகிறது என்பதில் சந்தேகமில்லை.

ஆகவே "ஹீட்டர் போட்டால் டீசல் கூடுதலாகக் குடிக்குமா?" என்ற கேள்விக்கு விடை, விசிறி சுற்றுவதற்கான சொற்ப மின்சாரத்தைத் தவிர, இல்லை என்பதுதான். ஏசி வேறு கதை. அது எஞ்சினின் உழைப்பைப் பிடுங்குகிறது. ஹீட்டர் பொறுக்குவது எச்சத்தை.

## சூட்டைச் சுமக்கும் தண்ணீர்

இனி உள்ளே நுழைவோம். நான்கு பெயர்கள் தெரிந்தால் போதும்.

கூலன்ட்: எஞ்சினைச் சுற்றி ஓடும் திரவம். தண்ணீரும் எத்திலீன் கிளைகாலும் கலந்தது. பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 டிகிரி வாக்கில்தான் உறையத் தொடங்கும். வெறும் தண்ணீர் விட்டால் உறைந்து விரிந்து எஞ்சின் வார்ப்பையே பிளந்துவிடும்.

ஹீட்டர் கோர்: ஒரு குட்டி ரேடியேட்டர். மெல்லிய குழாய்கள், அவற்றைச் சுற்றி நெருக்கமான தகடுகள். குழாய்க்குள் சூடான கூலன்ட் ஓடும், தகடுகளின் ஊடாகக் காற்று போகும். எஞ்சினுக்கு முன்னால் இருக்கும் பெரிய ரேடியேட்டருக்கும் இதற்கும் அளவைத் தவிர வித்தியாசம் இல்லை. அது சூட்டை ஊருக்குத் தானம் செய்கிறது, இது உங்கள் காலுக்குக் கொடுக்கிறது.

ப்ளோயர்: கோரின் வழியாகக் காற்றைத் தள்ளும் விசிறி.

தெர்மோஸ்டாட்: எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் நிற்கும் வாயில்காப்பாளர். உள்ளே மெழுகு அடைத்த சின்ன உறை இருக்கும். கூலன்ட் 80 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடேறும்போது மெழுகு உருகி விரியும், விரிந்து வால்வைத் தள்ளித் திறக்கும். அதுவரை கூலன்டை ரேடியேட்டர் பக்கம் போகவிடாது.

தண்ணீர் எவ்வளவு சூட்டைச் சுமக்கும் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் வெறும் 10 டிகிரி ஆறினால், அது விடும் சூட்டில் ஒரு கன மீட்டர் காற்றை 30 டிகிரிக்கு மேல் சூடாக்கலாம். வாளியில் போடும் ஹீட்டர் 1.5 கிலோவாட் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதிரி மூன்றுக்கு மேல் சேர்ந்தால் 5 கிலோவாட். நிமிடத்துக்கு 8 லிட்டர் கூலன்ட் கோருக்குள் ஓடி 10 டிகிரி ஆறினாலே அந்த 5 கிலோவாட் கைக்கு வந்துவிடும். சுண்டுவிரல் பருமனைவிடக் கொஞ்சம் பெரிய ஹோஸ் அதற்குப் போதும்.

அப்படியானால் பெரிய விசிறி போட்டால் பெரிய சூடா? இல்லை. கோருக்குள் சூடான தண்ணீர் போதுமான அளவுக்கு ஓடாதபோது விசிறியை வேகமாகச் சுற்றினால் இருக்கிற கொஞ்சச் சூடு நிறையக் காற்றில் பரவி, முகத்தில் அடிப்பது இளங்குளிராகத்தான் இருக்கும். ஆறிப்போன காபியை எவ்வளவு வேகமாக ஆற்றினாலும் சூடாகாது.

## ஹோஸை எங்கே செருகுவது?

மாட்டுகிறவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது.

தண்ணீர் தானாக எங்கேயும் ஓடாது. ஒரு பக்கம் அழுத்தம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் இருந்தால்தான் ஓடும். எஞ்சினில் வாட்டர் பம்ப் தள்ளுகிற பக்கம் அழுத்தம் அதிகம், உறிஞ்சுகிற பக்கம் குறைவு. ஆகவே ஹீட்டருக்குப் போகும் ஹோஸை எஞ்சினின் மேல்பகுதியில், கூலன்ட் நன்றாகச் சூடேறி வருகிற இடத்தில், தெர்மோஸ்டாட்டுக்கு முன்னால் எடுக்க வேண்டும். திரும்பி வரும் ஹோஸை பம்ப் உறிஞ்சும் பக்கம் சேர்க்க வேண்டும். இரண்டையும் வசதியாக இருக்கிறதே என்று ஒரே பக்கத்தில் செருகினால் கூலன்ட் நகராது. ஹோஸ் இருக்கும், கோர் இருக்கும், விசிறியும் சுற்றும். சூடு மட்டும் வராது.

"தெர்மோஸ்டாட்டுக்கு முன்னால்" என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அதற்கு அப்பால் எடுத்தால், எஞ்சின் முழுதாகச் சூடேறி வால்வு திறக்கும் வரை ஹீட்டருக்கு ஒரு சொட்டும் வராது. முன்னால் எடுத்தால், எஞ்சின் சூடாகச் சூடாக உங்களுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வரும்.

அப்புறம் காற்றடைப்பு. மொட்டைமாடித் தொட்டி காலியாகி மறுபடி நிரம்பியதும் குளியலறைக் குழாயைத் திறந்தால் புஸ்ஸென்று சத்தம் வரும், தண்ணீர் வராது, தெரியுமா? குழாயின் மேட்டில் காற்று உட்கார்ந்து வழி மறிக்கிறது. ஹீட்டர் கோரை, ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றும் வாயைவிட உயரத்தில் மாட்டினால் அதே தொல்லை. காற்று மேலே ஏறி கோருக்குள் குடியிருக்கும். கோரைக் கொஞ்சம் இறக்கி மாட்டலாம், அல்லது சுற்றின் உச்சியில் காற்றை வெளியேற்ற ஒரு சின்னத் திருகு வைக்கலாம். ஹோஸை ஒட்டகத்தின் முதுகுபோல் மேடும் பள்ளமுமாக இழுக்காமல் இருப்பது இரண்டையும்விட நல்லது.

இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்த்தால்: எஞ்சின் வீணாக்கும் சூட்டைத் தண்ணீர் சுமந்து வருகிறது, குட்டி ரேடியேட்டர் அதைக் காற்றுக்குக் கைமாற்றுகிறது, விசிறி காற்றைத் தள்ளுகிறது. இதில் சூடு பிறக்கும் இடம் எஞ்சின் ஒன்றுதான். எஞ்சின் குளிர்ந்து கிடந்தால் மற்ற எல்லாம் அலங்காரம்.

## நின்றுகொண்டே ஓடும் டீசல் எஞ்சின் ஏன் சூடாவதில்லை?

"காலையில் அரை மணி நேரம் ஸ்டார்ட் செய்து விட்டுவைத்தேன், உள்ளே சூடே வரவில்லை" என்பது பனிநாட்டு லாரிக்காரர்களின் நிரந்தரப் புகார். ஹீட்டரைத்தான் திட்டுவார்கள். பாவம், அது என்ன செய்யும்?

பெட்ரோல் எஞ்சினில் காற்று நுழையும் வழியில் ஒரு தட்டு இருக்கிறது. ஆக்சிலேட்டரை விட்டால் அது மூடிக்கொள்ளும், காற்றும் குறையும், பெட்ரோலும் குறையும். டீசல் எஞ்சின்களில், குறிப்பாக அந்தக் காலத்து லாரிகளில், அந்தத் தட்டு கிடையாது. நின்றுகொண்டு ஓடும்போதும் ஒவ்வொரு சுற்றுக்கும் சிலிண்டர் நிறையக் காற்றை இழுக்கும். தெளிக்கும் டீசல் மட்டும் மிகக் கொஞ்சம். மைனஸ் 15 டிகிரிக் காற்றை வயிறு நிறைய இழுத்து, துளி எண்ணெயில் அதைச் சூடாக்கி வெளியே விட்டுக்கொண்டே இருந்தால், எஞ்சினுக்கு மிஞ்சுவது என்ன? எரியும் அடுப்பில் சுள்ளி ஒன்று, ஊதாங்குழலால் ஊதுவது ஒன்பது பேர் என்கிற நிலைமை.

இதனால்தான் குளிர்நாட்டில் லாரி ஓட்டுகிறவர்கள் ரேடியேட்டருக்கு முன்னால் கேன்வாஸ் மூடி கட்டுகிறார்கள். மலைப்பாதைகளில் சாக்கையோ அட்டையையோ செருகி வைப்பதும் இதே தத்துவம். முன்னாலிருந்து அடிக்கும் காற்று எஞ்சினை நேரடியாக ஆறவைக்காமல் தடுக்கிறது. ராணுவம் கொடுத்த குளிர்காலத் தொகுப்பில் ஹீட்டரோடு ரேடியேட்டர் மூடியும் இருந்ததன் காரணம் இப்போது புரியும். ஓட்டும்போது வெப்பமானியில் ஒரு கண் வேண்டும். மூடியைக் கட்டிவிட்டு மறந்துபோய் மலையேறினால் எஞ்சின் கொதித்துவிடும்.

தெர்மோஸ்டாட்டைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. வெயில் ஊர்ப் பட்டறைகளில் "அது எதற்கு, கழற்றிப் போடு, எஞ்சின் கூலாக ஓடும்" என்று ஒரு வைத்தியம் உண்டு. பழைய லாரியை வாங்கினால் முன்பு வைத்திருந்தவர் அதைக் கழற்றி எறிந்திருக்க நிறைய வாய்ப்பு. தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் பனியில் 40, 50 டிகிரியைத் தாண்டத் திணறும். ஹீட்டருக்கு வருவது குளியல் வெந்நீரின் மிச்சம். எஞ்சினுக்கும் அது கெடுதல். ஹீட்டர் வாங்குவதற்கு முன்னால் உறையைத் திறந்து தெர்மோஸ்டாட் உள்ளே இருக்கிறதா, வெந்நீர்ப் பாத்திரத்தில் போட்டால் திறக்கிறதா என்று பார்ப்பது காசில்லாத வேலை.

## செம்பு பாய்லர்: தனித் தீயில் சூடு

எஞ்சினை நம்பாமல் சூடு வேண்டுமென்றால்? கிராமத்து வீடுகளின் கொல்லைப்புறத்தில் இருந்த செம்பு பாய்லரை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு குழாய், அதற்குள் கரியும் தேங்காய்ச் சிரட்டையும் எரியும், சுற்றிலும் தண்ணீர். தீ தண்ணீரைத் தொடாது, புகையும் தொடாது. உலோகச் சுவர் மட்டும் சூட்டைக் கைமாற்றும். புகை மேலே போய்விடும்.

எரிபொருள் ஹீட்டர் இதே பாய்லர்தான், தண்ணீருக்குப் பதில் காற்று. அமெரிக்காவில் 1930களிலேயே ஸ்டூவர்ட்-வார்னர் கம்பெனியின் சவுத் விண்ட் என்ற பெட்ரோல் ஹீட்டர் கார்களில் வந்துவிட்டது. ராணுவ லாரிகளுக்கும் எரிபொருளை எரிக்கும் ஹீட்டர் தொகுப்புகள் இருந்தன. இன்று ஐரோப்பிய லாரிகளில் வெபாஸ்டோ, எபர்ஸ்பேக்கர் போன்ற ஜெர்மன் கம்பெனிகளின் டீசல் ஹீட்டர்கள் சகஜம். வெபாஸ்டோ என்பது ஏதோ லத்தீன் சொல் இல்லை, நிறுவனர் வில்ஹெல்ம் பாயர், ஊர் ஸ்டாக்டார்ஃப், இரண்டின் முதல் எழுத்துகளை ஒட்டவைத்த பெயர். அதே மாதிரியில் மலிவான சீனப் பெட்டிகளும் இப்போது எங்கும் கிடைக்கின்றன, பழைய லாரிக்காரர்கள் பெரும்பாலும் அவற்றைத்தான் வாங்குகிறார்கள்.

வேலை செய்யும் விதம் எளிது. டிக், டிக் என்று துடிக்கும் ஒரு சின்ன பம்ப் துளித்துளியாக டீசல் அனுப்பும். மின்சாரத்தில் பழுக்கக் காயும் ஒரு முளை முதல் தீயை மூட்டும், அதற்குப் பிறகு தீ தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். உள்ளே இரண்டு காற்றுப் பாதைகள். ஒன்று, வெளியிலிருந்து காற்றை எடுத்து, தீயில் எரித்து, புகையாக வெளியிலேயே விடுவது. மற்றொன்று, கேபின் காற்றை எடுத்து, தீயறையின் வெளிச்சுவர்த் தகடுகள் மேல் ஓடவிட்டு, சூடாகக் கேபினுக்கே திருப்பி அனுப்புவது. இரண்டும் எங்கேயும் சந்திக்கக் கூடாது.

ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 10 கிலோவாட் மணி ஆற்றல் இருக்கிறது. ஆகவே மணிக்கு அரை லிட்டர் எரித்தால் 5 கிலோவாட், அதில் புகையோடு போவது போக மிச்சம் உங்களுக்கு. "மணிக்கு 0.2 லிட்டரில் 8 கிலோவாட்" என்று பெட்டியின் மேல் அச்சடித்திருந்தால் அது விளம்பரம். கணக்கு இடம் கொடுக்காது.

எஞ்சினைக் காற்றே ஆறவைக்கும் லாரிகளுக்கு இந்த வகைதான் இயல்பான வழி. செக்கோஸ்லோவாகியாவின் டாட்ரா 111, டாட்ரா 813 போன்ற ராணுவ லாரிகளின் எஞ்சினில் கூலன்டே கிடையாது. கொடி அடுப்புக்கு வழியில்லாத வீடு அது.

## மணமில்லாத விஷம்

இரண்டு பாதைகளும் சந்திக்கக் கூடாது என்றேன். காரணம் கார்பன் மோனாக்சைடு. எரிபொருள் முழுதாக எரியாதபோது உண்டாகும் வாயு. நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அதைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, தூக்கக் கலக்கம். குளிரில் வண்டி ஓட்டினால் வரும் களைப்பு என்று நினைத்துக்கொள்வீர்கள்.

எனவே எரிபொருள் ஹீட்டரின் புகைக்குழாய் கேபினுக்கு வெளியே, தரைக்கு அடியோடு நின்றுவிடாமல், லாரியின் ஓரத்தைத் தாண்டிப் போக வேண்டும். தீக்கான காற்றையும் வெளியிலிருந்தே எடுக்க வேண்டும். எம்35ஏ2-வில் எஞ்சினின் புகைக்குழாயும் பயணி பக்கத்தில் கேபினை ஒட்டி நிமிர்ந்து நிற்கிறது, ஆகவே புதுக்காற்று எடுக்கும் துளையை அந்தப் பக்கம் வைப்பது அறிவில்லாத வேலை. கேபினுக்குள் பேட்டரியில் ஓடும் ஒரு கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி வேண்டும். இதில் பேரம் பேச எனக்கு மனசில்லை.

இன்னொன்று. இந்த ஹீட்டரை நிறுத்தும்போது பேட்டரி இணைப்பைச் சட்டென்று துண்டிக்கக் கூடாது. தீ அணைந்த பிறகும் விசிறி சில நிமிடம் சுற்றி உள்சுவரை ஆறவைக்கும். ராணுவ லாரிக்காரர்களுக்கு, இறங்கும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகிற பழக்கம் உண்டு. அந்தப் பழக்கம் இந்தப் பெட்டியைச் சீக்கிரம் பொசுக்கிவிடும்.

## மின்சாரத்தால் முடியாதா?

சிகரெட் லைட்டர் துளையில் செருகும் குட்டி மின் ஹீட்டர்கள் 150 வாட் வாக்கில் இருக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடம்பே ஏறக்குறைய 100 வாட் சூடு விடுகிறது. அந்த ஹீட்டரை வாங்குவதற்குப் பதில் நண்பரை ஏற்றிக்கொள்ளலாம், பேச்சுத்துணையும் ஆச்சு. 24 வோல்ட்டில் 5 கிலோவாட் வேண்டுமென்றால் 200 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும், பழைய லாரியின் கம்பிகளும் ஆல்டர்நேட்டரும் தாங்காது.

ஆனால் ப்ளோயருக்கு மின்சாரம் வேண்டுமே. இங்கே ஒரு பழைய தப்பு காத்திருக்கிறது. 24 வோல்ட் என்பது இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் வரிசையில் இணைந்தது. கடையில் சுலபமாகக் கிடைப்பது 12 வோல்ட் விசிறி. ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் எடுத்தால் 12 வோல்ட் கிடைத்துவிடுமே என்று கை துறுதுறுக்கும். கிடைக்கும், கொஞ்ச நாளைக்கு. இரண்டு பேட்டரிக்கும் ஒரே அளவு சார்ஜ்தான் போகிறது, செலவு ஒன்றில் மட்டும். ஒரு மாடு எப்போதும் பட்டினி, மற்றது எப்போதும் அளவுக்கு மீறித் தின்கிறது. இரண்டும் சேர்ந்து சாகும். 24 வோல்ட் விசிறியாகவே வாங்குங்கள், அல்லது 24-ஐ 12-ஆக்கும் மாற்றியை நடுவில் வையுங்கள்.

## ஓட்டைக் குடத்தில் தண்ணீர்

என்னைக் கேட்டால் முதல் காசை ஹீட்டருக்குச் செலவழிக்கவே கூடாது. ரப்பருக்கும் கம்பளத்துக்கும் செலவழிக்க வேண்டும். ஏன் என்று ஒரு சின்னக் கணக்கு.

கேபினுக்குள் இரண்டரை கன மீட்டர் காற்று இருப்பதாக வைப்போம். வெளியே மைனஸ் 10, உள்ளே 15 டிகிரி வேண்டும். இவ்வளவு காற்றை 25 டிகிரி ஏற்ற, 5 கிலோவாட் ஹீட்டருக்கு 20 விநாடிகூடத் தேவையில்லை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தக் காற்று உள்ளேயே இருக்க வேண்டுமே! இடுக்குகள் வழியாக நிமிடத்துக்கு ஒருமுறை கேபின் காற்று முழுதும் மாறினால், புதிதாக நுழையும் காற்றைச் சூடாக்க மட்டும் 1.3 கிலோவாட்டுக்கு மேல் வேண்டும். மிதித் தண்டு ஓட்டை, கியர் கம்பி ஓட்டை, கேன்வாஸ் படபடப்பு, ரப்பர் போன கதவு எல்லாம் சேர்ந்து, 60 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு நான்கு முறை காற்று மாறினால்? 5 கிலோவாட்டைத் தாண்டிவிடும். ஹீட்டர் முழுதும் ரோட்டைச் சூடாக்கப் போய்விட்டது. தகரக் கதவும் தரையும் கண்ணாடியும் உறிஞ்சுவது இன்னும் கணக்கிலேயே வரவில்லை.

ஆகவே தரை ஓட்டைகளுக்கு ரப்பர் உறை, கதவுக்குப் புது ரப்பர் பட்டை, தரையில் கனமான விரிப்பு, எஞ்சின் பக்கச் சுவருக்குத் தீப்பிடிக்காத கம்பளம். இவற்றைச் செய்தவர்கள், சிறிய ஹீட்டரே போதும் என்கிறார்கள். செய்யாதவர்கள் மூன்றாவது ஹீட்டரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

முழுதாக அடைத்துவிடவும் கூடாது. மூச்சுக்காற்றின் ஈரம் போக வழி வேண்டும். இல்லாவிட்டால் முன்கண்ணாடி உள்பக்கம் பனிமூட்டம்போல் மங்கும். வெளிப்பக்கம் குளிரில் உறைபனியும் படியும். காற்றழுத்தத்தில் ஓடும் அந்தக் காலத்து வைப்பர் உறைபனியிடம் தோற்றுவிடும். சூடான காற்றில் ஒரு கிளையைக் கண்ணாடியின் அடிப்பகுதிக்குத் திருப்பிவிட வேண்டும். கொஞ்சம் வெளிக்காற்றை எடுத்துச் சூடாக்கி ஊதினால் இன்னும் நல்லது, குளிர்ந்த வெளிக்காற்றில் ஈரம் குறைவு, சூடேறியதும் அது கண்ணாடி ஈரத்தைக் குடித்துவிடும். கால் சூட்டைவிட இது முக்கியம். கால் விறைத்தாலும் ஓட்டலாம், கண் தெரியாமல் ஓட்ட முடியாது.

## மாட்டி முடித்ததும் கை வைத்துப் பார்ப்பது

தண்ணீர் ஹீட்டர் போட்டிருந்தால், நல்ல ஓட்டம் ஓடிவிட்டு வந்து, எஞ்சினை அணைத்துவிட்டு, பானெட்டைத் திறந்து இரண்டு ஹோஸையும் மெல்லத் தொட்டுப் பாருங்கள். சுடும், கவனம். உள்ளே போவது நல்ல சூடாகவும் திரும்பி வருவது கொஞ்சம் குறைந்த சூடாகவும் இருந்தால் எல்லாம் சரி. போவது சுட்டு, வருவது சில்லென்று இருந்தால் கோருக்குள் அடைப்போ காற்றோ இருக்கிறது, அல்லது ஹோஸ் இரண்டும் ஒரே பக்கத்தில் செருகப்பட்டிருக்கிறது. இரண்டுமே வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள். இரண்டும் சுட்டும் கேபின் குளிர்ந்தால், ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தித் தரை ஓட்டைகளின் பக்கம் காட்டுங்கள். புகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிந்துவிடும்.

சில மாதம் கழித்துக் கண்ணாடியில் பிசுபிசுப்பான படலம் படிந்து, கேபினுக்குள் லேசாகத் தித்திப்பு வாசனை வந்தால் கோர் கசிகிறது. கூலன்டின் வாசனை அது. தரை விரிப்பை உடனே எடுத்து அலசிவிடுங்கள். தித்திப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும், அவற்றுக்கு அது கொடிய விஷம்.